குதிகால் சிஸ்டரும் லேமினேட் போட்ட சீட்டும்

அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல், இந்த உலகத்தில் வாங்கிய முதல் குத்தை அவள் கையால்தான் வாங்கியிருக்கின்றன. பிறவிக் கோளாறு ஏதும் உண்டா என்று சோதிக்க, பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஐந்து வட்டங்களை இரத்தத்தால் நிரப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. அதனால் குதிகால் சிஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

"குத்தறதுக்கு ஒரு படிப்பா சிஸ்டர்?" என்று வார்டில் பெருக்குகிறவள் ஒருமுறை கேட்டாள்.

"குத்தறதுக்கு வேண்டாம். எங்க குத்தக் கூடாதுன்னு தெரியறதுக்கு வேணும்."

குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, எலும்பு இருக்கிறது. ஓரத்தில்தான் குத்த வேண்டும். முதலில் வெந்நீரில் பிழிந்த துணியால் காலைச் சூடாக்க வேண்டும். முதல் சொட்டைத் துடைத்தெறிய வேண்டும். இரண்டாவது சொட்டு தானாகத் திரண்டு தொங்கும்போது அட்டையைத் தொட்டு, ஒரே தடவையில் வட்டத்தை நிரப்ப வேண்டும். புதிதாக வரும் டாக்டர்கள் காலைப் பிழிந்து, ஒரு வட்டத்துக்கு நாலு சொட்டு வைத்து, அட்டையை ஜன்னல் வெயிலில் காயப்போடுவார்கள். அப்படிப்பட்ட அட்டைகளை அவள் அவர்கள் கண் முன்னாலேயே குப்பையில் போடுவாள். குத்தும்போது மயங்கி விழுகிற அப்பாக்களைத் தாண்டிக்கொண்டு போவாள். "அய்யோ பச்சப்புள்ள" என்று வாயைப் பொத்திக்கொள்ளும் பாட்டிமார்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவாள். அழுகை குழந்தையின் வேலை, மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை என்பது அவள் கட்சி.

கணவன் என்று ஒருவன் இருந்தான். பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் படுத்திருந்தான். ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்டாள். போனான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் முதலில் கேட்டது, தண்ணீர் மெத்தை யாருக்காவது வேண்டுமா என்றுதான்.

அவளுக்கு ஒன்பது வயது இளையவன் ஒரு தம்பி. நீதிமன்றத்துக்குப் பின் தெருவில் ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், வாசலில் ஒரு ஸ்டூல். அவனுக்கு ஒரு பெருமை உண்டு: கையில் கொடுக்கிற காகிதத்தை அவன் படிக்க மாட்டான். உயில் வரும், விவாகரத்து மனு வரும், புற்றுநோய் ரிப்போர்ட் வரும். வாங்குவான், கண்ணாடியில் கவிழ்ப்பான், மூடியை மூடுவான், நகலை எடுத்துத் திருப்பிக் கொடுப்பான். "எழுத்து நேரா விழுந்திருக்கா, ஓரம் வெட்டுப்படாம இருக்கா, அவ்வளவுதான்க்கா என் கண்ணுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு சத்தியமா தெரியாது" என்பான். அந்த நம்பிக்கையில்தான் வக்கீல்கள் அவனிடம் வருகிறார்கள். அது நியாயமான குணம்தான் என்று அக்காவும் ஒத்துக்கொள்வாள். எதைப் பார்த்தாலும் லேமினேட் போடுவதுதான் அவளுக்குச் சகிக்காது. கல்யாணப் பத்திரிகைக்கு லேமினேஷன். வாஷிங் மெஷின் உத்தரவாத அட்டைக்கு லேமினேஷன். அந்த மெஷின் செத்து ஐந்து வருடம் ஆகிறது, அட்டை மட்டும் பளபளவென்று இருக்கிறது.

முப்பத்தெட்டு வயதில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். கூடவே அவளுடைய அம்மாவும் வந்து சேர்ந்தாள். குதிகால் சிஸ்டருக்குச் சம்பந்தியம்மா. பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் எடை மேஜையில் நின்ற பெண்மணி. அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களைக் குதிகால் சிஸ்டர் நம்ப மாட்டாள்.

அடுத்த வருடம் பெண் குழந்தை. இரண்டாம் நாள் அத்தைக்காரியே குத்தினாள். மற்ற குழந்தைகளுக்கு எப்படியோ அப்படியே. ஒன்பதாம் நாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. குழந்தையின் இரத்தத்தில் ஃபினைல்அலனின் என்ற பொருள் ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும். இருபத்திரண்டு இருந்தது.

குழந்தை டாக்டரம்மா நால்வரையும் உட்காரவைத்து, மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு முறுக்கு ஏணியை வைத்து, இது பெற்றோர் வழியாக வரும் கோளாறு என்று அரை மணி நேரம் விளக்கினார். நால்வரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகளில் மூன்றுக்குள் ஒரு சொல்லும் இறங்கவில்லை என்பது குதிகால் சிஸ்டருக்குத் தெரியும். வெளியே வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி அதை உறுதிப்படுத்தியது.

"இது இவங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு கேக்கணும்க்கா."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மா மருமகனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நம்ம வீட்டுலயும் இருக்குடா, அறிவுக்கொழுந்தே" என்றாள் அக்கா. "உடம்புல இருக்கற ஒவ்வொரு குறிப்புக்கும் ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பிரதி. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ரெண்டும் கெட்டிருந்தாத்தான் இந்தக் கோளாறு வரும். இவ தன்கிட்ட இருந்த கெட்டதைக் குடுத்திருக்கா, நீயும் உன்கிட்ட இருந்த கெட்டதைக் குடுத்திருக்கே. உன்கிட்ட நல்லது ஒண்ணு மிச்சம் இருக்கறதால நீ நல்லாருக்கே. எனக்கும் அந்தக் கெட்டது இருந்தாலும் இருக்கும். சாப்பிட்டுத் தூங்கறேன், ஒண்ணும் ஆகல."

பேச்சு அங்கே நின்றது. ஆனால் தம்பிக்கு ஒரு சொல் மட்டும் பிடித்துக்கொண்டது: பிரதி. மறுநாள் கடைக்கு வந்த அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, ஏணி என்ன, எழுத்து என்ன என்று தொழில் முறையில் விசாரித்தான். நகல் என்று வந்துவிட்டால் அவன் வல்லுநர் அல்லவா.

அக்கா சுருக்கமாகச் சொன்னாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஓர் அறை. அதற்குள் டி.என்.ஏ. என்ற இரட்டை நூல். அதில் நான்கே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஒரு நூலில் ஏ இருந்தால் எதிர் நூலில் டி-தான் உட்காரும், ஜி இருந்தால் சி-தான். அப்பா பங்கு முந்நூறு கோடி எழுத்து, அம்மா பங்கு முந்நூறு கோடி. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இந்த இரட்டை நூல் ஜிப் மாதிரி நடுவில் திறக்கும். ஒவ்வொரு ஒற்றை நூலுக்கும் எதிரே அதற்குரிய எழுத்துகள் வந்து உட்காரும். ஒன்று இரண்டாகிவிடும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் வேலை நடப்பதால் ஏழெட்டு மணி நேரத்தில் மொத்தமும் முடிந்துவிடும்.

"ஏழெட்டு மணி நேரத்துல அறுநூறு கோடியா. தப்பு விழாதா?"

"விழும். நகல் எடுக்கற நொதியே தப்பான எழுத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு சரியானதை வைக்கும். அதுக்கும் தப்பினதைப் பிடிக்க இன்னொரு கூட்டம் பின்னாடியே வரும். கடைசியில நூறு கோடிக்கு ஒண்ணுகூடத் தேறாது."

தம்பி தன் இரண்டு மெஷின்களையும் திரும்பிப் பார்த்தான். அவற்றில் ஒன்று அன்று காலையில்தான் மூன்று தாளை மென்று துப்பியிருந்தது.

"அக்கா, அப்ப ஒரிஜினல் எது, காப்பி எது?"

"ரெண்டுலயும் ஒரு நூல் பழசு, ஒரு நூல் புதுசு. ஒரிஜினல்னு தனியா ஒண்ணும் கிடையாது."

அவன் முகம் வாடிவிட்டது. 'அசலைப் போன்ற நகல்' என்று முத்திரை குத்திக் கொடுத்தே பதினைந்து வருடம் பிழைத்தவன். ஆனால் உடனே இன்னொன்று தோன்ற, முகம் மலர்ந்தது.

"அக்கா, அப்ப செல்லு புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்குன்னா, நாலஞ்சு வருஷத்துல பாப்பா உடம்பு முழுக்கப் புதுக் காப்பி. பழசுல இருந்த தப்பு தானா போயிடும் இல்ல?"

"டேய். ஒருத்தன் மை கொட்டின பத்திரத்தைக் கொண்டு வரான். நூறு காப்பி எடுக்கறே. நூறாவதுல மை போயிடுமா?"

"போகாது. டோனர் தீந்தா மங்கலாத் தெரியும்."

"உன் பொண்ணுக்கு டோனர் தீராது. பேசாம மீதியையும் கேளு."

மீதி இதுதான். டி.என்.ஏ. தன் அறையை விட்டு வெளியே வராது. எந்தப் புரதம் வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் பார்த்து ஒரு சீட்டு எழுதப்படும். அது ஆர்.என்.ஏ. சீட்டு அறைக்கு வெளியே போகும். வெளியே ரைபோசோம் என்ற கருவி அதைப் பிடித்து, தலையிலிருந்து கடைசிவரை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் இன்ன அமினோ அமிலம் என்று கணக்கு. படிக்கப் படிக்க அந்த அமிலங்களை மணி கோர்ப்பதுபோல் கோர்த்துக்கொண்டே போகும். மாலை முடிந்ததும் தானாக மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கும். அதுதான் புரதம். ரைபோசோமுக்குச் சந்தேகம் கிடையாது. சீட்டில் தப்பு இருந்தால் தப்பைச் சரியாகச் செய்யும். குழந்தைக்கு நடந்தது அதுதான். ஃபினைல்அலனினை வேறு பொருளாக மாற்றும் ஒரு நொதி கல்லீரலில் இருக்க வேண்டும். அந்த நொதியும் ஒரு புரதம். அதற்கான குறிப்பில் ஓர் எழுத்து மாறிப்போய், ஒரு மணிக்குப் பதில் வேறொரு மணி கோர்க்கப்பட்டு, மாலை கோணலாக மடிந்துவிட்டது. நொதி வேலை செய்யவில்லை. மாற்றப்படாத ஃபினைல்அலனின் இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கினால் வளர்கிற மூளையைக் கெடுக்கும்.

"சீட்டு அப்புறம் என்ன ஆகும்?" என்று தம்பி கேட்டான்.

"கிழிச்சுப் போட்டுடும். சிலது சில நிமிஷம், சிலது சில மணி நேரம், அவ்வளவுதான் ஆயுசு."

"கிழிச்சுடுமா?" அவனுக்கு உண்மையாகவே வலித்தது. "பத்திரமா வெச்சுக்கிட்டா மறுபடி உதவும்ல?"

"எதுக்கு? காலையில வேண்டியது சாயங்காலம் வேண்டாம். பழைய சீட்டு சுத்திக்கிட்டே இருந்தா, வேண்டாததைச் செஞ்சுக்கிட்டே இருக்கும்."

சரி சரி என்று தலையாட்டினான். அன்றைக்கும் தலைதான் ஆடியது.

மருந்து என்று ஒன்றும் பெரிதாக இல்லை, அளவுதான் மருந்து. ஃபினைல்அலனினே இல்லாமல் செய்த ஒரு விசேஷப் பால் பவுடர். கூடவே சாதாரணக் குழந்தைப் பால் அளந்து கொஞ்சம். ஃபினைல்அலனின் முழுக்க இல்லாமலும் முடியாது, ஏனென்றால் உடம்பு தன் புரதங்களைக் கட்ட அந்த மணியும் வேண்டும், அதை உடம்பால் செய்துகொள்ள முடியாது. குறைந்தால் வளர்ச்சி நிற்கும், கூடினால் மூளை கெடும். அந்த நடுக்கோடு வாரத்துக்கு வாரம் நகரும். ஆகவே வாரம் ஒருமுறை குதிகால் சிஸ்டர் தம்பி வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் குத்துவாள். அட்டை பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். எண் வந்ததும் உணவுப் பிரிவில் அந்த வாரத்து அளவை ஒரு மெல்லிய மஞ்சள் சீட்டில் எழுதுவார்கள். தம்பி போய் வாங்கிவருவான். பகலில் குழந்தைக்குப் புகட்டுவது சம்பந்தியம்மா. மனைவி லென்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நாலு, மூன்றரை, நாலேகால். ஏழாவது மாதம் காய்க்கூழ் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு வந்த எண் எட்டு. அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு.

டாக்டரம்மா குதிகால் சிஸ்டரைத் தனியாக அழைத்தார். "வீட்டுல யாரோ கூடுதலாக் குடுக்கறாங்க சிஸ்டர். இந்த வயசுல ரெண்டு மூணு மாசம் இப்படியே போனா நான் பொறுப்பில்ல. யாருன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா குழந்தையை இங்க அட்மிட் பண்ணிடுங்க."

கண்டுபிடிப்பதற்கு அவளுக்கு என்ன இருந்தது? வார்டு வாசலில் இருபத்தாறு வருடமாகப் பார்த்த பாட்டிமார்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவள் மனதில் சம்பந்தியம்மாவாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பசியில் வாடுகிறது, இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும், ஒரு வாய் நல்ல பால் கொடுத்தால் என்ன ஆகிவிடும்: இதைச் சொல்லாத பாட்டியை அவள் கண்டதில்லை. சம்பந்தியம்மா சொல்லவில்லைதான். சொல்லாமல் செய்கிற ரகம் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அன்று மாலை நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்; தம்பி கடையில் இருந்தான். சம்பந்தியம்மா கைக்குட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேறு வாசலில் நின்றிருந்தாள்.

"எண் பன்னிரண்டு" என்றாள் குதிகால் சிஸ்டர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இந்தப் பாப்பாவுக்கு யார் ஒளிச்சு பால் குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க வாயால சொல்லிட்டா நல்லது."

மனைவி அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணி, அம்மா அப்படியெல்லாம்..."

"உனக்கென்ன தெரியும், நீ பத்து மணி நேரம் கடையில இருக்கே. சம்பந்தி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உங்க காலத்துல புள்ளைய வளர்த்தது வேற. ஆனா நீங்க பாசம்னு ஊத்தறது இதுக்கு விஷம். புத்தி மழுங்கிப்போய் நாளைக்கு இது உங்களையே யாருன்னு கேக்கும், அப்ப பாசத்தைக் கரைச்சுக் குடுங்க."

வாசலில் நின்றவள் ஒரு அடி உள்ளே வந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா கைக்குட்டையைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. "நான் முப்பது வருஷம் எடை மேஜையில நின்னவ. ஒரு பாக்கெட்டு ரெண்டு கிராம் கூடினா மேஜை கத்தும். உங்க தம்பி சொவத்துல ஒட்டியிருக்கறதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்ததில்ல, கீழ ஒரு சொட்டு குடுத்ததில்ல. ஏழு மாசமா வாரா வாரம் வரீங்க. முன் ரூம்ல குத்திட்டு, டீகூட வேண்டாம்னுட்டுப் போறீங்க. அடுப்படியை எட்டிப் பார்த்திருக்கீங்களா? இப்ப பால் நேரம்தான். வாங்க."

குதிகால் சிஸ்டர் அந்த வீட்டு அடுப்படிக்குள் போனதே இல்லை என்பது உண்மை. உள்ளே போனால் உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் யோசனை கேட்பார்கள் என்று தவிர்த்துவந்தாள். இப்போது போனாள்.

மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சின்னத் தராசு, அளவுக் குவளை, கொதித்து ஆறிய தண்ணீர். சுவரில் கண் மட்டத்துக்கு நேராக ஒரு சீட்டு. சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியின் கீழ் விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். படித்ததை அளந்தாள். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். படித்தாள், அளந்தாள். குவளையைக் கண் உயரத்துக்குத் தூக்கி, கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்ற பாலைச் சொட்டுச் சொட்டாகத் திருப்பி ஊற்றினாள். ஆஸ்பத்திரி உணவுப் பிரிவில்கூட இத்தனை சுத்தமாக யாரும் அளந்து குதிகால் சிஸ்டர் பார்த்ததில்லை.

"சாதாரணப் பால், ஒரு நாளைக்கு முந்நூறு மில்லி. ஒரு வேளைக்கு அறுபது. இந்தாங்க அறுபது" என்று குவளையை நீட்டினாள்.

குதிகால் சிஸ்டர் குவளையைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தாள். மஞ்சள் தாள், நான்கு பக்கமும் பிளாஸ்டிக், மூலையில் வட்டமாக வெட்டி நேர்த்தியாக லேமினேட் போட்டது. மேலே தேதி. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"புதுச் சீட்டெல்லாம் எங்க?"

"அது மாப்பிள்ளைகிட்ட இருக்கு. இது அடுப்படிக்குன்னு அவர் குடுத்தது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னார்."

குதிகால் சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். தம்பி யாருடைய பத்திரத்தையோ கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பாவோட சீட்டெல்லாம் எங்கடா?"

அவன் மகிழ்ச்சியாக மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தான். கண்ணாடி உறைகளில், தேதி வரிசையில், ஒவ்வொரு வாரத்துச் சீட்டும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு நகல். "ஒண்ணுகூட விட்டுப்போகலக்கா. ஒரு செட்டு வீட்டுப் பீரோவுக்கு, ஒரு செட்டு பேங்க் லாக்கருக்கு."

அவள் கடைசி நாலு சீட்டை உருவினாள். முதலாவதில் முந்நூறுதான்; அதுவரை அளவு அதிகம் மாறாததால் சுவர்ச் சீட்டு பொருந்திவந்திருந்தது. காய்க்கூழ் ஆரம்பித்த வாரத்துச் சீட்டில் சாதாரணப் பால் நூற்றெண்பது. கூழிலும் ஃபினைல்அலனின் இருப்பதால் பாலைக் குறைத்திருந்தார்கள். அடியில் சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தார்கள். அதற்கடுத்தது நூற்றறுபது. கடைசியாக வந்தது நூற்று நாற்பது. அங்கே அடுப்படியில் அந்தப் பெண்மணி முந்நூறை மயிரிழை பிசகாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள், கூடவே கூழும்.

"இதை எல்லாம் படிச்சியா?"

"படிக்கறதா?" அவன் நிஜமாகவே விழித்தான். "நான் எதையும் படிக்க மாட்டேன்க்கா. உனக்குத் தெரியாதா. காப்பி நேரா விழுந்திருக்கான்னு பார்த்தேன்."

பத்திரத்துக்குச் சொந்தக்காரர் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றார். விஷயம் என்னவென்று தெரியாவிட்டாலும் எழுந்து நிற்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது.

"நீ பெத்த புள்ளடா அது. வக்கீல் குடுத்த பத்திரமில்ல. ஊரான் காகிதத்தைப் படிக்காம இருக்கறது மரியாதை. உன் புள்ள காகிதத்தைப் படிக்காம இருக்கறதுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு."

அவன் நாலு சீட்டையும் வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தான். நூற்றெண்பது. நூற்றறுபது. நூற்று நாற்பது. "தண்ணி பட்டு அழிஞ்சுடக் கூடாதுன்னுதான்க்கா லேமினேட் போட்டேன். அந்த வாரம் எண் மூணரை வந்துச்சு. நல்ல சீட்டுன்னு நெனச்சேன்."

"அந்த வாரத்துக்கு நல்ல சீட்டு."

அவன் தலையைத் தூக்கினான். "ஆனா நீயும்தானக்கா வாரா வாரம் வந்தே. ஒரு தடவை அடுப்படிக்குள்ள வந்திருந்தா, நீ தேதியைப் பார்த்திருப்பே."

 மடக்கப்பட்ட இடத்தில் அதட்டுவது அவள் வழக்கம். அன்று அதட்டவில்லை. புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு, அவனைக் கடையை மூடச் சொல்லி, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் முன் அறையில் ஒரு துணிப்பை நின்றது. சம்பந்தியம்மாவின் உடுப்பெல்லாம் அதற்குள் போய்விட்டது. மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என் பெரிய மக வீட்டுக்குப் போறேன்" என்றாள் சம்பந்தியம்மா. "விஷம் வெக்கறவ கையில எதுக்குப் புள்ளையைக் குடுக்கணும். நீங்க படிச்சவங்க, நீங்களே அளந்து ஊத்துங்க."

குதிகால் சிஸ்டருக்குக் கணக்கு உடனே புரிந்தது. மனைவிக்கு வேலை. தம்பி சீட்டைக் கோப்பில் போடுகிற ஆள். வேறொரு ஆளை வைத்தால் அறுபது என்றால் எழுபது ஊற்றுவாள், கொஞ்சம் நுரை என்பாள். பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு இறக்க வேண்டிய நேரத்தில், இந்தக் கை போய்விட்டால் குழந்தையின் மூளைக்கு வேறு காப்பு இல்லை.

"தப்பு உங்க மேல இல்ல. சீட்டுமேல" என்றாள்.

"சீட்டு என்னைத் திட்டலையே."

"சரி. தப்பு என்னுது. விசாரிக்காம பேசிட்டேன்."

"எத்தனை பேர் முன்னாடி பேசினீங்க? பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தா."

இருபத்தாறு வருடத்தில் பெரிய டாக்டர்களிடம்கூட வாபஸ் வாங்காத வாய் அது. குதிகால் சிஸ்டர் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுக்காரி தயாராகத்தான் நின்றிருந்தாள். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஊர் விஷயம் கேக்கறீங்களே, இதையும் கேட்டுக்குங்க. எங்க சம்பந்தியம்மா ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணினது என் தம்பியும் நானும். இதையும் அதே வேகத்துல பரப்பிவிடுங்க." அடித்துவிட்டுக் கும்பிடுவதுபோல் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மன்னிப்பில் இவ்வளவு திட்டு கலந்திருந்ததை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

சம்பந்தியம்மா பையை எடுத்தாள். எடுத்து, கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். அவிழ்க்கவில்லை. "எண் இறங்கறவரைக்கும் அது அங்கயே இருக்கும். இறங்கலேன்னா என் மேலதான பழி வரும். அன்னிக்கே கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். பிறகு மருமகனிடம் திரும்பி, "எத்தனை மாப்பிள்ளை? சத்தமாப் படிங்க" என்றாள்.

அவன் படித்தான். நூற்று நாற்பது. எழுத்துக்கூட்டுகிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அளந்தாள். சுவரில் இருந்த பழையதைக் கிழிக்கப் பார்த்தால் கிழியவில்லை, அவன் வேலை அவ்வளவு நேர்த்தி. கத்திரிக்கோலால் நாலாக வெட்டிப் போட்டாள் மனைவி. லென்ஸில் கால் பவர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள், நாலு மாதமாகத் தன் அடுப்படிச் சுவரில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் எண் ஒன்பது. பை கதவுக்குப் பின்னால் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு. பைமேல் தூசி படிந்தது, சம்பந்தியம்மா தூசியைத் தட்டினாளே தவிர பையைக் காலி செய்யவில்லை. அதில் இருந்த மாற்று உடுப்பு வேண்டும்போது மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி கட்டிவைத்தாள். குதிகால் சிஸ்டர் இப்போது வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் நின்று ஒரு வேளை அளப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குத்தினாள். முதல் நாளே மூட்டு வலிக்கு யோசனை கேட்டார்கள். சொன்னாள்.

டாக்டரம்மா குழந்தையை மேஜையில் உட்காரவைத்துச் சோதித்தார். சாயாமல் உட்கார்ந்தது. சிவப்புக் கட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது. பெயர் சொன்னால் திரும்பியது. "இப்போதைக்குக் குறை ஒண்ணும் தெரியல. ஒரு வயசுல மறுபடி பார்ப்போம்" என்றார். தம்பியும் மனைவியும் சிரித்தார்கள். குதிகால் சிஸ்டர் 'இப்போதைக்கு' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டாள், சிரிக்கவில்லை. எண் ஏறியிருந்த அந்த வாரங்கள் என்ன செய்துவிட்டுப் போயின என்பது கட்டை மாற்றுகிற வயதில் தெரியாது.

மூன்றாவது வாரம் எண் நாலே முக்கால். போனில் கேட்டதும் அவள் நேராக வீட்டுக்குப் போனாள்.

"நாலே முக்கால், சம்பந்தி."

சம்பந்தியம்மா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்தாள். ஏழு மாதத்தில் குத்துவதற்கு அல்லாமல் குதிகால் சிஸ்டர் கையில் குழந்தையைக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அவளைக் கண்டாலே காலை இழுத்துக்கொள்கிற குழந்தை வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டு அழுதது.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா கதவுக்குப் பின்னால் போய்ப் பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.